வீட்டுக்கு ஒண்ணு போதும்

ஜெப ஷீலாவுக்கும் ஜான்ராஜுக்கும் கல்யாணம் நடந்தபோது இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பந்தியில் உட்கார்ந்தார்கள். இரண்டும் கிறிஸ்தவக் குடும்பம்தான்; ஆனால் பெண் சி.எஸ்.ஐ., மாப்பிள்ளை ஆர்.சி. எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்பதிலேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் மாப்பிள்ளையின் பிடிவாதம் ஜெயித்து, அருப்புக்கோட்டையில் அவர்களுடைய கோயிலிலேயே கல்யாணம் முடிந்தது. அது தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஜனவரி.

ஜான்ராஜ் சவூதியில், தமாமில் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவந்த பெட்டியில் சேலை, சென்ட்டு, புலிப்படம் போட்ட கம்பளி இவற்றோடு ஒரு டிவி கேமும் இருந்தது. சாம்பல் நிறத்தில் டிபன் பாக்ஸ் அளவு மெஷின். இரண்டு பக்கமும் ஒயரில் தொங்குகிற ஜாய்ஸ்டிக். மேலே சொருக ஒரு மஞ்சள் கேசட்.

"ஆபீஸ் விட்டு வந்து நீ பாட்டுக்குச் சும்மா உக்காந்திருப்பேல்ல, அதுக்குத்தான்" என்றான்.

லீவு முடிந்து அவன் விமானம் ஏறியதும் வீட்டில் மிஞ்சியது இரண்டே பேர். ஜெப ஷீலாவும் மாமியார் தெரசாளும். ஷீலாவுக்குத் திருச்சுழி யூனியன் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவாள். தெரசாள் அதற்குள் சோறு குழம்பு எல்லாம் ஆக்கி வைத்திருப்பாள். "சோறு இருக்கு" என்பாள். "சரி அத்தை" என்பாள் இவள். இவ்வளவுதான் அன்றைய பேச்சு. ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. மாமியார் விடியற்காலைப் பூசைக்குப் போய்த் திரும்புகிற நேரத்தில் மருமகள் பைபிளை எடுத்துக்கொண்டு தன் சபைக்குக் கிளம்புவாள். வாசலில் ஒருத்திக்கு ஒருத்தி வழி விட்டுக்கொள்வார்கள்.

தான் வேற சபைக்காரி என்பதுதான் அத்தைக்குப் பிடிக்கவில்லை என்று ஷீலா முடிவு கட்டியிருந்தாள். அவள் என்ன செய்வாள்? அதற்கெல்லாம் மருந்து கிடையாது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டிவியில் பார்க்க ஒன்றும் இல்லாமல், துணி போர்த்திக் கிடந்த டிவி கேமை எடுத்து மாட்டினாள். அந்தக் கேசட்டில் ஒரு டாங்கி விளையாட்டு இருந்தது. கீழே நடுவில் செங்கல் சுவர் வைத்த ஒரு சின்னக் கோட்டை. மேலேயிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். அவை கோட்டையைச் சுட்டுவிடாமல் நம் டாங்கியை ஓட்டிக் காப்பாற்ற வேண்டும். ஷீலாவுக்கு டைப்ரைட்டரைக் குனிந்து பார்க்காமல் அடித்துப் பழகிய விரல்கள். நன்றாகத்தான் சுட்டாள். ஆனாலும் எதிரியைத் துரத்திக்கொண்டு மேலே போய்விடுவாள். அதற்குள் இன்னொருவன் கீழே வந்து கோட்டையை உடைத்துவிடுவான்.

தெரசாள் பின்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை கோட்டை உடையப் போனபோது வீடே அதிர ஒரு சத்தம் வந்தது.

"பின்னாடி வாரான் பாரு! அவனை விட்டுட்டு எங்க போற?"

ஷீலா திடுக்கிட்டுத் திரும்பினாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியாருக்கு இப்படியொரு குரல் இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியாது. தெரசாளுக்கும் கூச்சமாகப் போய்விட்டது. மறுபடி பூண்டைப் பார்த்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்து மெதுவாகச் சொன்னாள்.

"நரிக்குடிப் பக்கம் எங்க காட்டுல வரகு போட்டிருக்கும்போது ஆடு இறங்கும். ஆட்டை விரட்டிக்கிட்டே ஓடுனா இந்தப் பக்கம் வேற ஆடு வந்து மேஞ்சுட்டுப் போயிரும். வெள்ளாமைப் பக்கத்துலயேதான் நிக்கணும்."

ஷீலா இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள். தெரசாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். தினம் சாயங்காலம் ஷீலா முகம் கழுவி வருவதற்குள் டிவிக்கு முன்னால் பாய் விரிந்து கிடக்கும். தெரசாள் கோட்டைக்குக் காவல். ஒரு அடி நகரமாட்டாள். ஷீலா மேலே போய் வேட்டையாடுவாள். ஸ்டேஜ் ஏற ஏறச் சத்தமும் ஏறும். "தண்ணிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் நிக்கான்", "நீ இரு, இவனை நான் பாத்துக்கிறேன்", "செத்தான் எடுவட்ட பய!" என்று தெரசாள் போடுகிற சத்தத்தில் தெருவில் போகிறவர்கள் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

எதிரெதிரே உட்கார்ந்தபோது வராத பேச்சு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தானாக வந்தது. ஒருநாள் டாங்கியைத் திருப்பிக்கொண்டே தெரசாள் கேட்டாள்.

"நான் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவன்னு உனக்கு என்மேல இளக்காரந்தான?"

"என்னத்தை சொல்றீக?"

"இல்ல, நீ படிச்சவ. இங்கிலீசுல தட்டுறவ. என்ன பேசுறதுன்னு தெரியாம நான் பாட்டுக்கு இருந்துட்டேன்."

ஷீலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நான் சி.எஸ்.ஐ.ங்கிறதாலதான் நீங்க பேசலைன்னு நெனச்சேன் அத்தை."

"அட போத்தா! இந்தா வாரான் பாரு, சுடு!"

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையிலிருந்து வருகிறவள், சபைக்குக் கிளம்புகிறவளுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சேலை மாற்றினாள்.

தொண்ணூற்றைந்தில் ஜான்ராஜின் அறை நண்பன் ஸ்டீபன் லீவில் வந்தான். காரியாபட்டிக்காரன். ஜான்ராஜ் கொடுத்துவிட்டதாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். புது டிவி கேம். கறுப்பு நிறம், பெரிய மெஷின். படம் சினிமா மாதிரி இருந்தது. கார் ஓட்டினால் ரோட்டோர மரங்கள் ஓடிவந்து பின்னால் போயின. மோதினால் கார் உருண்டது. ஸ்டீபனே உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தான்.

"பழசை இனிமே தொடவே மாட்டீக, பாருங்க" என்றான்.

டிவிக்குப் பின்னால் ஒரே ஒரு ஓட்டைதான். புதுசு ஏறினால் பழசு இறங்க வேண்டும். ஸ்டீபன் பழசைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுத்தான் போனான்.

கார் பந்தயம் ஷீலாவைப் பிடித்து ஆட்டியது. ஆபீஸில் டைப் அடிக்கும்போதுகூடக் கண்ணுக்குள் ரோடு ஓடியது. தெரசாள் முதல் நாள் பாயில் வந்து உட்கார்ந்தாள். புது ஜாய்ஸ்டிக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஏகப்பட்ட பட்டன். எதை அமுக்கினாலும் அவளுடைய கார் வயலுக்குள் இறங்கி நின்றது.

"இதுல கோட்டை கிடையாதா?"

"இல்லத்தை. இது வேற மாதிரி. குடுங்க, உங்களுக்கு இது வராது."

ஷீலா யோசித்துச் சொன்னதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த பந்தயத்தை ஆரம்பித்துவிட்டாள். தெரசாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் சாயங்காலம் ஜெபமாலைக்கூட்டம் என்று கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். அதற்கு மறுநாளும்.

அந்த நேரத்தில்தான் கையடக்கமான கட்டை விளையாட்டு ஒன்று டவுனில் எங்கு பார்த்தாலும் விற்றது. மேலேயிருந்து விழுகிற கட்டைகளைத் திருப்பி அடுக்க வேண்டும். ஷீலா அதையும் ஒன்று வாங்கினாள். பஸ்ஸுக்கென்று வாங்கியது, பிறகு ஆபீஸில் டீ நேரத்துக்கும் வந்தது. வீட்டில் கார், வெளியில் கட்டை. கையில் எதுவும் இல்லாத நேரம் என்று ஒன்று அவளுக்கு இல்லாமல் போயிற்று. அத்தனை விளையாடியும் சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. காரை ஓட்டும்போது கட்டையில் விட்ட கணக்கு நினைவுக்கு வரும். கட்டையை அடுக்கும்போது நேற்று மோதிய வளைவு நினைவுக்கு வரும். ஒன்றிலும் நிலைத்து உட்கார முடியவில்லை. ஜெயித்தால் "பாத்தீகளா?" என்று கேட்கப் பக்கத்தில் ஆளும் இல்லை.

ஒருநாள் காலை பஸ்ஸில் உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்றைக்கும் இல்லாதபடி அன்றைக்குக் கை கூடி வந்தது. பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், பஸ் கிளம்பியது. ஆட்டம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடும் ஆட்டு மந்தையுமாக ஓடிக்கொண்டிருந்தது. திருச்சுழி எப்போதோ போய்விட்டது.

"டைப்பிஸ்ட்டம்மா! இங்கயா இருக்கீக? நீங்க எறங்கிட்டீகன்னுல்ல நெனச்சேன்" என்றார் கண்டக்டர்.

நரிக்குடியில் இறங்கித் திரும்பி வருகிற பஸ்ஸுக்காக நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கண்மாய்க்கரையில் வெள்ளாடுகள் மேய்ந்தன. இது அத்தை பிறந்து வளர்ந்த ஊர்ப்பக்கம். ஒருதடவை அவளோடு வரவேண்டும் என்று விளையாடும்போது பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. இப்படி ஒண்டியாக, வழி தப்பி வந்து நிற்பதாகவா அன்றைக்குப் பேசினோம் என்று நினைத்தாள். "உங்களுக்கு இது வராது" என்று தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. கட்டை விளையாட்டைக் கைப்பைக்குள் அடியில் தள்ளினாள். பஸ் வரும்வரை வெளியே எடுக்கவில்லை.

ஆபீஸில் தாமதத்துக்குத் திட்டு வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி ரேணுகாதேவி அவளைவிட மோசமான முகத்தோடு இருந்தாள். அவள் வீட்டுக்காரர் உக்கிரபாண்டி டிராக்டரிலிருந்து விழுந்து கால் ஒடிந்து, மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தார். நாள் முழுக்கக் காட்டிலேயே கிடந்த மனுஷன்.

"படுத்தே கெடந்து அவுகளுக்குக் கிறுக்குப் பிடிச்சுப்போச்சு ஷீலா. சோத்துல உப்பு இல்லைங்கிறாக, காத்து வரலைங்கிறாக. டிராக்டரைக் கொண்டாந்து கட்டில் பக்கத்துல நிறுத்துங்கிறாக. நான் என்ன செய்ய?"

"அண்ணனுக்குக் கார் ஓட்டப் பிடிக்குமாக்கா?" என்று கேட்டாள் ஷீலா.

அந்த வாரமே கறுப்பு மெஷினைத் துணிப்பையில் சுற்றித் திருச்சுழிக்குக் கொண்டுபோனாள். ரேணுகாதேவி பதறினாள். வெளிநாட்டுப் பொருள், உன் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று கேட்டாள். "எங்க வீட்டுல ரெண்டுக்கு எடம் இல்லைக்கா" என்று சொல்லிவிட்டாள் ஷீலா. கட்டை விளையாட்டையும் அந்தப் பையிலேயே போட்டுக் கொடுத்தாள். கரண்டு இல்லாத நேரத்துக்கு ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறினாள். பழைய சாம்பல் மெஷின்மேல் தூசி படிந்திருந்தது. துடைத்து மாட்டினாள். படம் வரவில்லை. கேசட்டை உருவி வாயால் ஊதிச் சொருகினாள். வந்தது.

"அத்தை, வாங்க ஆடுவோம்."

தெரசாள் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு அதெல்லாம் வராது தாயி."

ஷீலாவுக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தாள். அதற்குப் பதிலாக இரண்டு பேர் ஆட்டத்தை எடுத்து ஆரம்பித்தாள். திரையில் இரண்டு டாங்கிகள் வந்தன. அவளுடையது ஓடியது. தெரசாளுடையது போட்ட இடத்திலேயே அசையாமல் நின்றது. எதிரி ஒருவன் இறங்கி வந்து நின்ற டாங்கியைச் சுட்டான். அது வெடித்தது. மறுபடி வந்து நின்றது. மறுபடி வெடித்தது.

தெரசாள் கரண்டியோடு நிலைப்படிக்கு வந்தாள். "என் டாங்கியைச் சாகக் குடுத்துட்டுப் பாத்துக்கிட்டிருக்கியே!"

"உங்க டாங்கி அத்தை. நான் எப்படி ஓட்டுறது?"

"இன்னும் ஒரு உசுருதான இருக்கு? அதையும் விட்டுருவ போல இருக்கே" என்றபடி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. இரண்டு பேருமே எழுந்து போகவில்லை.

ஸ்டேஜ் முடிந்த இடைவெளியில் ஷீலா சொன்னாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அத்தை."

"சரி, சரி. அடுத்தது தண்ணி ஸ்டேஜு. பாத்து ஆடு."

வெள்ளிக்கிழமைகளில் ஜான்ராஜ் போன் பண்ணுவான். மூன்று வீடு தள்ளி சௌந்தரபாண்டியனின் மளிகைக்கடைக்குத்தான் கூப்பிடுவான். அவர் ஆள் விட்டு ஷீலாவை அழைப்பார். அந்த வெள்ளிக்கிழமை அவன் குரலில் உற்சாகம் பொங்கியது.

"ஷீலா, புதுசா ஒண்ணு வந்திருக்கு. கேசட்டே கிடையாது, சிடி போட்டு ஆடுறது. மே மாசம் வரும்போது கொண்டாரேன்."

"வேண்டாங்க."

"என்னது?"

"வீட்டுல ஒண்ணு இருக்கு. அது போதும். நீங்க குடுத்துவிட்ட கறுப்பு மெஷினை ரேணுகாக்கா வீட்டுக்குக் குடுத்துட்டேன். அவுக வீட்டுக்காரர் கால் ஒடிஞ்சு கெடக்காரு."

கடல் தாண்டி வருகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"உனக்குன்னு தேடித் தேடி வாங்குனேன் ஷீலா. ஊர் உலகம் எங்கயோ போயிக்கிட்டிருக்கு. நீ அந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு அழுவேங்கிற."

"போகட்டுங்க. நான் திருச்சுழிக்குத்தான போகணும்? ஒண்ணுக்கு மூணா வச்சுக்கிட்டு நரிக்குடி வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வருத்தத்தோடு போனை வைத்துவிட்டான். ஷீலாவுக்கும் இரண்டு நாள் மனசு கனத்துத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

மே மாதம் வந்தான். வேண்டாம் என்று சொல்லியும் சிடி மெஷினோடுதான் வந்தான். பார்த்தால் மனசு மாறிவிடும் என்று நம்பினான் பாவம். வந்த அன்று சாயங்காலம் குளித்துவிட்டு, பெட்டியைப் பிரிக்கலாம் என்று கூடத்துக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பாயில் அம்மாவும் பெண்டாட்டியும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள்.

"ஷீலா, மேல ரெண்டு பேரு இறங்குறானுக. இடது பக்கத்தவன் உனக்கு!"

"நீங்க சுவரைப் பாத்துக்கோங்க அத்தை!"

"சுவரை நான் பாக்காம வேற யாரு பாப்பாக?"

ஜான்ராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அப்பா செத்த பிறகு அம்மா இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. இந்த வீட்டில் இருவரும் எப்படி இருக்கிறார்களோ என்று தமாமில் புரண்டு படுத்த நாட்கள் உண்டு. அந்தப் பயத்தில்தான் ஒன்று மாற்றி ஒன்றாக மெஷின்களை அனுப்பிக்கொண்டிருந்தான். சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

"நான் ஒரு ஆட்டம் ஆடவா?" என்று கேட்டான்.

ஷீலா தன்னுடையதைக் கொடுத்தாள். அவன் ஆரம்பித்த வேகத்தில் கோட்டையைச் சுற்றியிருந்த செங்கல்லையே சுட்டுவிட்டான்.

"ஏலே! நம்ம சுவரை நீயே இடிக்கிற? இத்தனை வருசமா அங்க என்னத்தத்தான் மெஷின் ரிப்பேர் பாத்தியோ!" என்று தெரசாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஷீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். சிடி மெஷின் அன்றைக்குப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது அவனே பேச்சை எடுத்தான்.

"அதை நான் திருப்பிக் கொண்டுட்டுப் போறேன். ரூம்ல நானும் ஸ்டீபனும் வெள்ளிக்கிழமையானா மோட்டு வளையைப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடப்போம். அங்க இருக்கட்டும்."

"அங்கயும் ஒண்ணோட நிறுத்திக்கோங்க" என்றாள் ஷீலா.

"சரித்தா, நிறுத்திக்கிறேன். ஆனா உங்க டப்பா என்னைக்காச்சும் செத்துப்போச்சுன்னா?"

அதுவரை தெரசாள் அதை நினைத்துப் பார்த்ததில்லை. அவள் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு ஜான்ராஜ் அன்றைக்கே மதுரைக்கு பஸ் ஏறினான். டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் அலைந்து, அதே மெஷினுக்கான இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு அடாப்டர், ஒயர் எல்லாம் வாங்கி வந்தான். அந்த டாங்கி கேசட்டிலேயே இன்னொன்றும் கேட்டிருக்கிறான். "எல்லாரும் புதுசு கேட்டு வாராக, நீங்க என்ன சார்?" என்று கடைக்காரன் சிரித்தானாம். அதைச் சொல்லிச் சொல்லித் தெரசாளுக்குச் சந்தோஷம்.

லீவு முடிகிற வரைக்கும் ஒரு ஸ்டேஜுக்கு ஒருத்தர் மாற்றி மாற்றி மூன்று பேரும் ஆடினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவருமாக ரேணுகாதேவி வீட்டுக்குப் போனார்கள். உக்கிரபாண்டி கட்டுப் பிரித்து, கம்பை ஊன்றி நடந்துகொண்டிருந்தார். "காலு சரியாயிருச்சு, ஆனா இதை விட்டு எந்திரிச்சுக் காட்டுக்குப் போக மனசு வரலை" என்று கறுப்பு மெஷினைக் காட்டினார். ரேணுகாதேவி, "பாத்தியா ஷீலா, நீ ஒண்ணைக் குடுத்து என்னைய மாட்டி விட்டுட்டியே" என்று போலியாகச் சலித்துக்கொண்டாள். கோழி அடித்துச் சாப்பாடு போட்டாள்.

ஜான்ராஜ் தமாமுக்குப் போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை சௌந்தரபாண்டியன் கடையிலிருந்து ஆள் வந்தது. ஷீலா செருப்பை மாட்டுவதற்குள் தெரசாள் முந்திக்கொண்டு நடந்தாள். வாழ்நாளில் போன் பேசியதில்லை அவள். ரிசீவரை எப்படிப் பிடிப்பது என்று கடைக்காரர் காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"ஏய்யா, நல்லபடியாப் போயிச் சேந்தியா? சாப்பிட்டியா? சரி, கேட்டுக்கோ. நேத்து நானும் உம் பெண்டாட்டியும் நீ செத்த ஸ்டேஜைத் தாண்டிட்டோம்" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

ஷீலா பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்து, தன் முறைக்குக் காத்திருந்தாள். அவசரம் ஒன்றும் இல்லை.